மரம் நடுவதற்கு ஓர் ஆட்சேபணை

இன்று காலை கதவைத் திறந்தபோது வாசலில் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் ஒரு புங்கங்கன்று நின்றிருந்தது. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத்தார் வீட்டுக்கு ஒன்றாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடி நட வேண்டுமாம். எங்கே நடுவது என்று சங்கச் செயலாளரான பெண்ணிடம் கேட்டேன். "பின்னாடி அவ்ளோ காலி இடம் இருக்கே ஆன்ட்டி" என்றாள். ஈர மண்ணும் மக்கிய சாணமும் கலந்த நாற்றங்கால் வாசனை அந்தப் பையிலிருந்து எழுந்துகொண்டிருந்தது. அதை முகர்ந்தபடியே உன்னை நினைத்தேன். நினைத்ததும் சிரிப்பு வந்தது. அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

உன்னை அடக்கம் செய்த அன்றும் நான் சிரித்தேன். கல்லறைத் தோட்டத்தில் தேவாலயத்துச் சபை ஐயர், உன்னை ஒருமுறைகூடச் சந்தித்திராத இளைஞர், "மரங்களை நேசித்த நம் சகோதரி" என்று தொடங்கினார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. இயற்கையைக் காத்தவள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். இயற்கை என்றால் மரம் என்று அவர் முடிவு செய்துகொண்டார். தாம்பரம் வட்டாரத்திலேயே மரம் நடுவதை எதிர்த்து அரசாங்கத்திடம் ஆட்சேபணை கொண்டுபோன ஒரே ஆள் நீ என்பதை அந்தக் கூட்டத்தில் என்னைத் தவிர எவரும் அறியவில்லை. தவறான குற்றச்சாட்டைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். தவறான புகழ்ச்சி எனக்கு ஆகாது. ஆகவே இந்த மடல்.

அறுபதுகளின் பிற்பகுதி அது. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் நீ கணக்கு நடத்தினாய், நான் சரித்திரம் நடத்தினேன். ஆசிரியர் அறையில் ஒருவரையொருவர் பாடத்தின் பெயரால் அழைப்பது நம் வழக்கம். நான் உனக்கு ஹிஸ்டரி, நீ எனக்கு மேத்ஸ். ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தபோதும் "வா ஹிஸ்டரி, காபி குடிச்சியா?" என்றுதான் கேட்டாய். பறவையிலோ விலங்கிலோ உனக்கு அந்நாளில் தனி அக்கறை இருந்ததாக எனக்கு நினைவில்லை. காக்கையையும் கழுகையும் பிரித்தறிவாய். என் அறிவும் அவ்வளவுதான்.

பள்ளிக்கு விளையாட்டுத் திடல் கிடையாது. சேலையூரைத் தாண்டி மாடம்பாக்கம் போகும் வழியில் ஒரு பெரிய பொட்டல் இருந்தது. செம்மண், சரளைக்கல், கணுக்காலுக்கு எட்டாத புல், அங்கங்கே ஒரு முட்செடி. ஊர் மாடுகள் மேய்வதற்கென்று எந்தக் காலத்திலோ ஒதுக்கப்பட்ட அரசு நிலம் அது. மேலே விமானப்படையின் பயிற்சி விமானங்கள் வட்டமிடும். கீழே பால் விற்கும் கன்னியம்மாவின் எருமைகள் மேயும். ஆண்டுக்கொரு முறை நம் விளையாட்டு விழாவும் அங்கேதான். அந்த ஆண்டு விளையாட்டு ஆசிரியை பிரசவ விடுப்பில் போய்விட்டதால் ஓட்டப்பாதை போடும் வேலை உன் தலையில் விழுந்தது. வட்டம் போடத் தெரிந்தவள் என்பதுதான் தகுதி.

முளை அடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்புத் தூளைத் தூவிக்கொண்டே நீ சுற்றி வந்தாய். கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி நான் வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தேன். எருமையின் முதுகில் கையை ஊன்றி நின்று கன்னியம்மா வேடிக்கை பார்த்தாள்.

"இன்னா டீச்சரம்மா, மார்கழி எங்க கீது, நீங்க இப்பவே கோலம் போட்டுகினு கீறீங்க?"

"பொண்ணுங்க ஓடறதுக்குக் கன்னியம்மா."

"ஓடறதுக்குக் கோடு இன்னாத்துக்கு? என் எருமையில ஒண்ண அவுத்து வுடறேன். தானா ஓடுங்க."

நீ சிரிக்கவில்லை. குனிந்தவள் நிமிரவும் இல்லை. அருகே வந்து பார்த்தேன். உன் பாதத்துக்கு ஒரு முழம் முன்னால், சரளைக்கற்களுக்கு நடுவே, சரளைக்கற்களைப் போலவே இரண்டு முட்டைகள். கூடு இல்லை, மறைப்புக்கு ஒரு குச்சிகூட இல்லை. வெறும் மண்ணில் ஒரு சிறு குழி. சற்றுத் தள்ளி ஒரு பறவை நிமிர்ந்து நின்று நம்மையே பார்த்தது. செம்பழுப்பு உச்சி, கண்ணை ஒட்டி மை தீட்டியதுபோல் ஒரு கறுப்புக் கோடு, அதன் மேல் ஒரு வெள்ளைக் கோடு. நாலடி ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். கால்கள் வெளுத்து வெயிலோடு கலந்துவிட்டதால், அது ஓடும்போது உடல் மட்டும் தரைக்கு மேலே வழுக்கிக்கொண்டு போவதாகத் தோன்றியது.

"கல்குருவிம்மா அது" என்றாள் கன்னியம்மா. "வூடு கட்டச் சோம்பல். இப்படியே போட்டுட்டு குந்திக்கும்."

நீ போட்ட கோட்டைக் காலால் அழித்தாய். விழா நாளில் நம் ஓட்டப்பாதை ஒரு பக்கம் உள்வாங்கி, யாரோ மேலே உட்கார்ந்துவிட்ட டிபன் டப்பா மூடியைப் போலக் கிடந்தது. தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"கணக்கு டீச்சர் போட்ட பாதையா இது? ஏன் மிஸ் இங்க நசுங்கியிருக்கு?"

"அங்க ஒரு அம்மா பிள்ளைங்களோட உட்கார்ந்திருக்காங்க மிஸ். எழுப்ப மனசு வரல."

அவர் அந்தப் பக்கம் பார்த்தார். எந்த அம்மாவும் தென்படவில்லை. உன் உடல்நிலையைப் பற்றி என்னிடம் தனியே விசாரித்தார்.

பெண்கள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடினார்கள். ஒலிபெருக்கி அலறியது, பாண்டு முழங்கியது, தலைக்கு மேல் ஒரு விமானம் சாய்ந்து திரும்பியது. அந்தப் பறவை முட்டைகளின்மேல் உட்கார்ந்தபடி அசையாமல் இருந்தது. பரிசு வழங்கும்போது நீ மேடையைப் பார்க்கவில்லை. உன் முகத்தில் அப்படியொரு திகைப்பை நான் அதற்குமுன் கண்டதில்லை. மறுவாரம் ஒரு கல்லூரி நூலகத்தில் தேடிவிட்டு வந்து, மூச்சுவாங்க, ஆசிரியர் அறையின் நடுவில் நின்று சொன்னாய்: "ஹிஸ்டரி, அதோட லத்தீன் பேர்ல நம்ம சோழமண்டலக் கரை இருக்கு. உலகத்துல எவன் அதைக் கூப்பிட்டாலும் நம்ம ஊரைச் சொல்லித்தான் கூப்பிடணும்." எனக்குப் பரீட்சைத் தாள் திருத்தும் வேலை இருந்தது. ஆயினும் அன்று மாலை ரயிலடி வரை நான் வழக்கத்தைவிடச் சற்று நிமிர்ந்தே நடந்தேன் என்பதை இப்போது சொல்லலாம்.

அதற்குப் பிறகு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நீ பொட்டலுக்குப் போகத் தொடங்கினாய். உன்னிடம் குடை இல்லை, என்னிடம் இருந்தது. ஆகவே நானும் வந்தேன். நீ எனக்கு எதையும் கற்பிக்கவில்லை, உனக்கே ஒன்றும் தெரியாது. இருவரும் சேர்ந்துதான் வாயைப் பிளந்தோம். கைப்பிடி அளவு சாம்பல்நிறப் பறவை ஒன்று தரையிலிருந்து செங்குத்தாக எழுந்து, பாடிக்கொண்டே ஒரு புள்ளியாகி, அந்தப் புள்ளியும் மறைந்த பிறகு பாட்டு மட்டும் வானத்திலிருந்து பெய்துகொண்டிருந்த காலையை நான் மறக்கவில்லை. வானம்பாடி என்ற சொல்லைப் பள்ளியில் படிக்கும்போதே கட்டுரைகளில் எழுதியிருக்கிறேன். அப்படி ஒன்று உண்மையில் இருக்கிறது என்பது எனக்குச் செய்தி. கல்லென்று நினைத்தது முயலாக எழுந்து ஓடியது. சருகென்று மிதிக்கப்போனது கௌதாரியாக வெடித்துப் பறந்தது. "காலி இடம்னு இதை யார் முதல்ல சொன்னாங்க?" என்று ஒருநாள் கேட்டாய். நான் சரித்திர ஆசிரியை என்பதால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தாய் போலும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நீ குடியிருந்த காலனிக்கு ஒரு நலச்சங்கம் வந்தது. தலைவர், ஓய்வு பெற்ற ரயில்வே அதிகாரி. உன் வீட்டுச் சொந்தக்காரரும் அவரே. நல்ல மனிதர், ரோஜா வளர்ப்பார், பொய் சொல்லமாட்டார். வன மகோத்சவத்துக்குப் பொட்டல் முழுவதும் தைலமரமும் சவுக்கும் நட்டு, சுற்றிலும் முள்வேலி போட்டு, பராமரிப்பைச் சங்கமே ஏற்றுக்கொள்வது என்று திட்டம் போட்டார். ஊரே மகிழ்ந்தது. தலைமையாசிரியை நம் மாணவிகளை வரிசையாக அனுப்ப ஒப்புக்கொண்டார். சபையில் அதற்காக ஜெபம்கூட நடந்தது. நீ மட்டும் ஆமென் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கு அது கேட்டது; அதாவது, கேட்கவில்லை.

"மரம் வந்தா நல்லதுதானே?" என்றேன் வெளியே வந்ததும்.

"ரோட்டோரத்துல நடட்டும், ஸ்கூல்ல நடட்டும், நானே தண்ணி ஊத்தறேன். இங்க மரம் வந்தா அதுல காக்கா உட்காரும். வெறுந்தரையில இருக்கிற முட்டை காக்காவுக்குத் தப்புமா? நிழல் விழுந்தா இந்தப் புல்லு போச்சு. வேலி போட்டா மாடு வராது, புல்லு மண்டிடும், அதுங்களுக்கு ஓட இடம் இருக்காது. கல்குருவிக்கு இந்தப் பொட்டல் பொட்டலாவே வேணும் ஹிஸ்டரி. பாலைவனத்தைத் தோட்டமாக்கறோம்னு நினைக்கிறாங்க. யாரோ குடியிருக்கிற வீட்டை இடிக்கறாங்க."

அந்நாளில் நிலத்தின் உபயோகத்தை மாற்றுவதென்றால் ஊரில் தண்டோரா போட்டு, ஆட்சேபணை உள்ளவர்களைக் கேட்க வேண்டும். மாடம்பாக்கம் கோயில் தெருவில் தப்பட்டையோடு ஆள் வந்து கத்திவிட்டுப் போனான். யாரும் ஆட்சேபிப்பதில்லை, கெடு முடிந்ததும் கோப்பு மூடப்படும். இந்த முறை மூட முடியவில்லை, ஏனென்றால் நீ மனுக் கொடுத்துவிட்டாய். மனுவை எழுதியவள் நான். உன் ஆங்கிலம் கணக்குக்குத்தான் லாயக்கு.

தாசில்தார் நேரில் பார்வையிட வந்தார். நடுவயது, வியர்த்த சட்டை, இன்னும் இரண்டு ஊர் பார்க்க வேண்டிய அவசரம். சங்கத் தலைவர் சால்வையோடு வந்திருந்தார்.

"என் சர்வீஸ்ல, கட்டடத்துக்கு ஆட்சேபணை வந்திருக்கும்மா, சாராயக் கடைக்கு வந்திருக்கு" என்றார் தாசில்தார். "மரத்துக்கு வந்தது இதான் முதல் தடவை. எங்க உங்க பறவை?"

"இங்கதான் சார் இருக்கு."

அவர் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். சரளைக்கல், புல், வெயில். வேறொன்றும் இல்லை.

தலைவர் வருத்தத்தோடு தலையசைத்தார். "படிச்ச பொண்ணு சார். தனியா இருக்காங்க பாருங்க, மனசு இப்படிப் போயிடுது."

உனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். நீ தாசில்தாரிடம், "சார், ரெண்டு நிமிஷம் எல்லாரும் தரையில உட்காருங்களேன்" என்றாய். "நின்னா நம்மளப் பார்த்து அதுங்க ஒளிஞ்சுக்கும்." சொல்லிவிட்டு முதல் ஆளாக நீயே உட்கார்ந்தாய். நான் உட்கார்ந்தேன். வெள்ளை வேட்டியைப் பார்த்துக்கொண்டு தலைவர் தயங்கினார். "வுக்காரு சாமி, மண்ணு ஒண்ணும் கடிச்சுடாது" என்றாள் எருமைகளோடு வந்து நின்ற கன்னியம்மா. தாசில்தார் என்ன நினைத்தாரோ, பெருமூச்சு விட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, அரசாங்கக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு சம்மணம் போட்டார்.

ஒன்றும் நடக்கவில்லை. காற்று மட்டும் புல்லைத் தடவிக்கொண்டு போனது. பிறகு, தலைவரின் முழங்காலிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில், ஒரு கல் கண்ணைத் திறந்தது.

இதை வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கல் கண்ணைத் திறந்தது. அதற்கு அப்பால் இன்னொரு கல் எழுந்து நின்றது. பஞ்சுப் பொதிபோல் இரண்டு குஞ்சுகள். எங்கிருந்தோ தாய் மெல்லக் குரல் கொடுத்தது. குஞ்சுகள் அந்தக் குரலை நோக்கி ஓடின, நின்றன, ஓடின. அந்தப் பக்கம் இன்னொரு சோடி. அதற்கும் அப்பால் இன்னும் ஒன்று. நாம் வெறுமை என்று பார்த்துக்கொண்டிருந்த தரை முழுவதும், நம்மைச் சுற்றிலும், எழுந்து நடமாடத் தொடங்கியது. அத்தனை நேரமும் நாம் அவற்றின் நடுக்கூடத்தில்தான் நின்று வாதாடிக்கொண்டிருந்தோம். சிருஷ்டியின் முதல் நாட்களைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எதிலும் எனக்கு மயிர்க்கூச்செறிந்ததில்லை. அன்று சிலிர்த்தது. தலைவர் தம் காலை அங்குலம் அங்குலமாக உள்ளே இழுத்துக்கொண்டார். தாசில்தார் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

நெடுநேரம் கழித்து அவர் தணிந்த குரலில் பேசினார். "அழகாத்தாம்மா இருக்கு. ஆனா பறவைக்காக ஆட்சேபணைன்னு எழுத இதுல இடமே இல்லையே. நான் என்ன பண்ணட்டும்?"

நீ தளர்ந்துபோவாய் என்று பயந்தேன். நீ ஒரு கணம் அந்தக் கோப்பையே பார்த்தாய். "இந்த நிலத்துக்கு உங்க ரெக்கார்டுல என்ன பேரு சார்?"

"மேய்க்கால் புறம்போக்கு."

"அப்போ மாட்டுக்கு இடம் இருக்கு இல்லையா?" கன்னியம்மாவிடம் திரும்பினாய். "கன்னியம்மா, இங்க மரத்தை நட்டு வேலி போட்டுட்டா உன் எருமை எங்க மேயும்?"

"எங்க மேயும்? இதோ, இவுரு வூட்டு ரோஜாத் தோட்டத்துல மேயும்!"

தாசில்தார் சிரித்துவிட்டார். தலைவர்கூடச் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். இல்லையென்றால் இருமியிருக்க வேண்டும். தாசில்தார் பேனாவைத் திறந்து, கன்னியம்மாவின் பெயரைக் கேட்டு, அவள் ஆட்சேபணையை எழுதி, கட்டை விரல் ரேகை வாங்கிக்கொண்டார். உன் மனுவை நீயே திரும்பப் பெற்றுக்கொண்டாய். எருமைகளின் பெயரால் பொட்டல் பிழைத்தது. கன்றுகள் காலனிச் சாலைகளில் நடப்பட்டன. நீ சொன்னபடியே தண்ணீரும் ஊற்றினாய். அடுத்த மாதம் தலைவர், மிகுந்த மரியாதையோடு, தம் மருமகன் வருவதாகச் சொல்லி உன்னை வீட்டைக் காலி செய்யச் சொன்னார். நீ பொட்டலின் ஓரத்திலேயே ஓட்டு வீடு ஒன்று பார்த்துக்கொண்டாய். உனக்கு அவர் செய்த ஒரே உதவி அது.

அங்கிருந்துதான் உன் பாதை நீண்டது. எருமை கற்றுக்கொடுத்ததை நீ விடவில்லை. ஏரி என்றால் நீர்ப்பிடிப்பு, குன்று என்றால் ஓடையின் தலைப்பு, புதர்க்காடு என்றால் விறகு பொறுக்கும் பெண்களின் பாத்தியதை. சட்டத்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் ஒரு சொல்லைக் கண்டுபிடித்து அதன் முதுகுக்குப் பின்னால் உன் பறவைகளை நிற்கவைப்பாய். பள்ளி முடிந்து ரயிலேறி, அலுவலகம் அலுவலகமாக பெஞ்சில் காத்திருப்பாய். "எவ்ளோ நேரம் உட்காருவீங்க டீச்சர்?" என்று கேட்ட குமாஸ்தாவிடம், "உட்கார்றதுலதான் சார் எனக்கு டிரெயினிங்" என்றாயாம். பிறகு பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் தனிச்சட்டமே வந்தது. அன்று நீ ஆசிரியர் அறைக்கு ஜிலேபி வாங்கி வந்தாய். யாருக்கும் காரணம் தெரியவில்லை, எல்லோரும் தின்றார்கள்.

ஒரு தை மாதக் காலையில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாயே, அதையும் எழுதிவிடுகிறேன். பனி விலகியபோது தண்ணீரே தெரியவில்லை, அவ்வளவு வாத்துகள். எங்கிருந்தோ ஒரு பருந்தின் நிழல் விழுந்தது. அத்தனையும் ஒரே மூச்சில் எழுந்தன. அந்த ஓசை காதில் விழவில்லை, நெஞ்செலும்பில் விழுந்தது. வானத்தில் இடமில்லாமல் வெளிச்சம் மங்கியது. நீ என் கையைப் பிடித்திருந்தாய். தொட்டுப் பேசும் பழக்கம் நம் இருவருக்குமே கிடையாது. ஆகவே திரும்பி வரும் வழியில் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பொட்டல் இப்போது இல்லை. அதற்காக இங்கே ஒப்பாரி வைக்கப்போவதில்லை. கன்னியம்மாவின் மகள்கள் எருமைகளை விற்றார்கள், மாடு போனதும் மேய்க்கால் என்ற அந்தச் சொல்லுக்கு முதுகெலும்பு போய்விட்டது, மனைகள் வந்தன. உன் வாதத்தின் பலவீனம் அதுதான், அது உனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பொட்டலில் நீ கற்ற பாடத்தால் கல்லுடைப்பு நின்ற குன்றும், தப்பிப் பிழைத்த குன்றோரப் புதர்க்காடும் இன்னும் இருக்கின்றன. போன ஆண்டு பார்த்தேன். பாதுகாக்கப்பட்ட பகுதி என்ற பலகை துருப்பிடித்திருந்தது, காடு நன்றாக இருந்தது.

சென்ற மாதம் எங்கள் பக்கத்து ஏரியின் ஒரு கரையைத் தூர்த்து நடைபாதைப் பூங்கா அமைப்பது பற்றிக் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். குளிர்சாதன அறை, பிஸ்கட், தேநீர். திரையில் பச்சைப்பசேலென்று படங்கள் காட்டினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். ஆட்சேபணை யாருக்காவது உண்டா என்று வழக்கப்படி கேட்டார்கள். முழங்கால் வலியோடு நான் எழுந்து நின்றேன்.

மேசைக்குப் பின்னால் இருந்த இளம் அதிகாரி நிமிர்ந்து பார்த்தாள். "ஏரி பக்கத்துல உங்க வீடு இருக்கா மேடம்?"

"இல்லை."

"நிலம், கிணறு எதாவது?"

"இல்லை."

"அப்போ இதுல உங்களுக்கு என்ன மேடம் இருக்கு?"

"ஒண்ணுமில்லை. அதனாலதான் வந்தேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, என் பெயரை எழுதிக்கொண்டு, "சொல்லுங்க" என்றாள். நான் நீர்ப்பிடிப்பு என்ற சொல்லிலிருந்து தொடங்கினேன். பறவைகளைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன்.